மூன்று சக்கரமும் என் வலது கையும்

பாகூர்
24-11-1978, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் அமிர்தத்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் பிலாயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று பொன்னியம்மனைக் கும்பிட்டுவிட்டு இதை ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதப் பேனா நகரவில்லை. முக்கால் சுகம் என்று வைத்துக்கொள், மீதிக் காலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்த்ததும் பயந்துவிடாதே. நாலு வரி எழுதினால் கை ஓய்ந்துபோகிறது, பேனாவை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து வந்து மறுபடியும் எழுதுகிறேன். முடிக்க மூன்று நாள்கூட ஆகலாம், ஆனால் இது என் கையால் எழுதுவது. போன இரண்டு கடிதமும் எதிர்வீட்டுச் செங்கமலத்தை விட்டு எழுதச் சொன்னது என்று நீ கண்டுபிடித்துவிட்டாய். அம்மா, எனக்காக நாலு வரி எழுதக்கூட உனக்கு நேரமில்லை, வளைகாப்புக்கும் வரவில்லை, பிரசவத்துக்கும் வருவதாகச் சொல்லவில்லை, அப்பாவோட லேத்துதான் நீ பெத்த புள்ள, என்று நீ எழுதியிருந்ததை, பிரித்துப் படிக்க எனக்குத் தைரியம் இல்லாததால், செங்கமலம்தான் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் இதைவிட மோசமாக எழுதியிருப்பேன்.

இங்கே மழை பிடித்துப் பதினோரு நாள் ஆகிறது. ஏரி நிரம்பி வழிகிறது என்று ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது, நான் போகவில்லை. கரண்டு வருவதும் போவதுமாக இருக்கிறது, மோட்டார் அரை நாள் ஓடினால் பெரிய காரியம். பட்டறைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகி, வாங்கிப் போட்ட மரம் எல்லாம் நமுத்துக் கிடக்கிறது. சிவப்பு மாடு கன்று போட்டது, கிடாரிக் கன்று, சொல்லும்படியான சேதி அது ஒன்றுதான். எந்த வேலையை எடுத்தாலும் பாதியில் உட்கார்ந்துவிடலாம் போல இருக்கிறது எனக்கு. நாற்பத்தைந்து வயசில் இவ்வளவு அலுப்பு வருமா என்று எனக்கே தெரியவில்லை. சரி, புலம்பினது போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா நீளக் கம்பு கடையும்போது நான் எதிரில் நின்று பிடித்துக்கொடுப்பதை நீ தவழ்ந்த காலத்திலிருந்து பார்த்திருக்கிறாய். குட்டைக் கட்டை என்றால் லேத்தில் இரண்டு முனையையும் மாட்டிவிட்டால் அதுபாட்டுக்குச் சுற்றும். நாலடி ஐந்தடிக் கம்பை மெலிதாகக் கடையும்போதுதான் வம்பு. முனை இரண்டும் கெட்டியாக நிற்கும், நடுவில் கம்பு துள்ள ஆரம்பித்துவிடும். உளி பட்டதும் படபடவென்று அடித்து வரிவரியாகப் பள்ளம் விழும், ரொம்ப மெலிந்த கம்பு என்றால் முறிந்து மூஞ்சியிலேயே வந்து அடிக்கும். அதற்காகத்தான் நான் கோணித் துணியை நாலாக மடித்து விளக்கெண்ணெய் தொட்டு வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சுற்றுகிற கம்பை நடுவில் தாங்கிப் பிடிப்பேன். இறுக்கினால் புகையும், விட்டால் துள்ளும். உன் அப்பா வாயைத் திறக்கமாட்டார், கண்ணாலேயே இறுக்கு என்பார், தளர்த்து என்பார். கூலிக்கு ஆள் வைத்து வாரை இழுத்துச் சுற்றிய காலத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மோட்டார் வந்த பிறகு அந்த அதிர்வு மணிக்கட்டில் ஏறி தோள்வரை வந்துவிடும். வேலை முடிந்து சோறு பிசையும்போதுகூட உள்ளங்கைக்குள் கம்பு சுற்றிக்கொண்டே இருக்கும். இப்படி இருபத்திரண்டு வருஷம்.

போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலையில் சாணி தெளிக்கும்போது பார்த்தேன், வலது கையில் மூன்று விரல் சுண்ணாம்பு தடவினதுபோல வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏறினதும் நிறம் திரும்பிவிட்டது. மறுநாளும் அப்படியே. அப்புறம் விரல் நுனியில் ஊசி குத்தினால் தெரியவில்லை, அரிசியில் கல் பொறுக்கினால் எது கல் எது அரிசி என்று விரலுக்குத் தெரியவில்லை. வெளுப்பு, மரத்துப்போவது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் ஊரில் என்ன பேர் சொல்வார்கள் என்று உனக்கே தெரியும். எனக்குப் பெருவியாதி வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த வார்த்தையை இங்கே எழுதுவதற்கே அரைமணி நேரம் ஆயிற்று. அப்பாவிடம் சொல்லவில்லை. என் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்துவைத்துக்கொண்டேன், படுக்கையைச் சமையல்கட்டுக்கு மாற்றிக்கொண்டேன். எதற்கோ கோபித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து அவர் நாலு நாள் சும்மா இருந்தார், அப்புறம் கேட்கவும் இல்லை. பங்குனியில் தொழுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து தோல் பார்த்துக் கணக்கெடுக்கிற ஆள் வீடு வீடாக வந்தபோது பட்டறையில் மரக்கட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பொம்பள வூட்ல இல்ல என்று அப்பாவே வெள்ளந்தியாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆனியில் நீ முழுகாமல் இருக்கிற சேதி வந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகை சந்தோஷத்தில் என்று அப்பா நினைத்தார். இந்தக் கையால் உன் பிள்ளையை எப்படித் தொடுவேன் என்றுதான் அழுதேன். ஆடியில், டாக்டரம்மா ரயில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார், மாமியாரும் இல்லாத வூடு, நீதான் வந்து இருக்கணும், என்று நீ எழுதியபோது நான் வேலை அதிகம் என்று எழுதச் சொன்னது இதனால்தான். லேத்துக்காக இல்லை.

ஆவணியில் எல்லாம் உடைந்தது. ஒரு நாள் காலையில் சோற்றுப் பானையை இறக்கினேன். வலது கையில் பிடிதுணி நழுவியது எனக்குத் தெரியவில்லை, வெறும் கையால் பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கஞ்சி வடித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா தண்ணீர் குடிக்க வந்தவர், இன்னாடி தீயிற நாத்தம் அடிக்குது என்றார். அடுப்பைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். பானையைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பினார், தோல் வெந்து தொங்கிக்கொண்டிருந்தது. வலிக்கலியா என்றார். இல்லை என்றேன். எத்தினி நாளா என்றார். மார்கழியிலிருந்து என்றேன். அந்த வியாதிதான் என்று நினைத்துச் சொல்லவில்லை, வூட்டை விட்டு அனுப்பிடுவீங்களோ என்று பயம், என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனுஷர் அப்படியே அம்மிக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கௌம்பு என்றார். அன்றைக்கே பஸ் ஏறி டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுதான், பொறுமையான பிள்ளை. என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு விரலாகப் பஞ்சால் தொட்டு, தெரியுதா தெரியுதா என்று கேட்டார். முழங்கையை அமுக்கிப் பார்த்தார், முதுகெல்லாம் பார்த்தார். பிறகு என்னம்மா வேலை செய்யறீங்க என்றார். நான் சொல்வதற்குள் அப்பாவே எழுந்து நின்று, லேத்து எப்படிச் சுற்றும், நான் எங்கே நிற்பேன், எப்படிப் பிடிப்பேன் என்று கையால் செய்து காட்டினார். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இது அந்த நோய் இல்லம்மா, அதிர்வு தாங்கித் தாங்கி நரம்பும் ரத்த ஓட்டமும் கெட்டிருக்கு, என்றார். சந்தேகமே இருக்கக் கூடாது என்று இன்னொரு பரிசோதனையும் செய்து மறுவாரம் உறுதியாகச் சொல்லிவிட்டார். இனி இந்தக் கை அந்த மிஷினில் படக் கூடாது, விட்டுவிட்டால் ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழித்து உணர்ச்சி திரும்பலாம், முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது, என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சந்தோஷத்தில் அழுதுகொண்டே வந்தேன். உன் அப்பா தவளக்குப்பம் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். நோய் இல்லை என்பது எனக்கு ஆறுதல். அப்படியானால் அந்தக் கையைக் கெடுத்தது தன் வேலைதான் என்பது அவருக்குச் சுமையாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சொல்தா ஜெகநாதன் வேலை கொடுத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறாரே, மீசைக்காரர், அவர்தான். மகள் கல்யாணத்துக்கு இரண்டு கட்டில், நாலு நாலு கொசுவலைக் கம்பு, எட்டும் ஐந்தடி நீளம், இரண்டு விரல் கனம், வெட்பாலை மரத்தில் சாயம் பூசாமல் வெள்ளையாகவே வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒத்துக்கொண்டாயிற்று, பிடிக்கக் கை இல்லை. வேற யாரையாவது கூலிக்கு நிறுத்துங்கள் என்றேன். இன்னொருத்தி கைய கெடுக்கச் சொல்றியா என்றார். சுற்றுகிற கம்பை நடுவில் தாங்கி நிற்கும் சட்டம் ஒன்று கோயமுத்தூர்ப் பக்கத்தில் செய்து விற்கிறார்களாம், அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்து அதைப்பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை. தானே செய்வது என்று இறங்கிவிட்டார். முதலில் புளியங்கட்டையில் கவைபோல ஒன்று வெட்டி லேத்தின் நடுவில் ஆப்பு வைத்து இறுக்கினார், கம்பு அந்தக் கவையில் படுத்துச் சுற்றவேண்டும் என்பது கணக்கு. சுற்றியது. ஆனால் மரமும் மரமும் உரசிப் பட்டறை முழுக்கப் புகை, கம்பைச் சுற்றிக் கன்னங்கரேல் என்று தீய்ந்த வளையம். எண்ணெய் விட்டுப் பார்த்தார், மெழுகு தேய்த்துப் பார்த்தார். மூன்று நாள் கழித்து அந்தக் கவை அடுப்புக்கு வந்துவிட்டது.

அப்புறம், கைப்புண் ஆறின பிறகு, ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். மோட்டாரைப் போடவில்லை. ஒரு கம்பை மாட்டிவைத்து, நீ எப்போதும் நிற்கிற மாதிரி நின்னு புடி, ஒரே ஒரு தடவை, என்றார். பிடித்தேன். கம்பைக் கையால் மெல்ல உருட்டிக்கொண்டே என் கை எங்கெங்கே அழுத்துகிறது என்று குனிந்து பார்த்தார். கட்டைவிரல் மேட்டில் ஒன்று, சுட்டுவிரல் அடியில் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று, மூன்று இடம்தான் கம்பைத் தாங்குகிறது, மற்ற இடமெல்லாம் சும்மாதான் கூட நிற்கிறது என்று கண்டுபிடித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என் உள்ளங்கையில் அந்த மூன்று இடத்திலும் புள்ளி வைத்தார். பென்சில் பட்டது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் புள்ளிகளை அளந்து பலகையில் வரைந்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் என் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

இரண்டு அங்குலப் பலகையில் முறம் அகலத்துக்கு ஒரு சட்டம், நடுவில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டைக்குள் மூன்று பக்கமிருந்தும் நீட்டவும் இழுக்கவும் ஏற்றமாதிரி மூன்று தேக்குத் துண்டு, ஒவ்வொன்றையும் ஒரு போல்ட் போட்டு இறுக்கிக்கொள்ளலாம். மேல்பக்கம் கதவுக் கீல் வைத்துத் திறந்து மூடும்படி செய்தார், கம்பை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி சாத்தவேண்டியதுதான். மூன்று துண்டின் முனையிலும் சக்கரம் வேண்டும். தவளக்குப்பத்தில் பம்புசெட்டு ரிப்பேர் செய்கிற இன்னாசிமுத்து, தேய்ந்துபோனது என்று கழற்றிப்போட்ட பேரிங் மூன்றைச் சும்மாவே கொடுத்தார். மாட்டி ஓட்டினால் நன்றாகத்தான் சுற்றியது, ஆனால் இரும்பு அழுத்தி வெட்பாலையில் தடம் விழுந்தது. சைக்கிள் டியூபை வெட்டி மேலே போட்டார், அது ஓடும்போதே கழன்று பறந்து கூரையில் செருகிக்கொண்டது. கடைசியில் ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி நடுவில் ஓட்டை போட்டு அந்த பேரிங்கைச் சுற்றி இறுக்கமாகத் திணித்தால் சரியாக வரும் என்று சொன்னார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் சண்டை. கும்பிடுகிற தொழில் சாமானில் செருப்பை மாட்டுவதா என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடைக்குப் போய்ப் புது ஜோடி வாங்கிவந்து, காலே படாத செருப்பு, ரப்பருன்னு நெனச்சுக்கோ, என்றார். இரண்டு செருப்பில் நாலு வட்டம் வந்தது, மூன்று மாட்டி ஒன்று மாற்றுக்கு. வார் இரண்டையும் நான் குப்பையில்கூடப் போடாமல் கண்ணில் படாத இடத்தில் புதைத்துவிட்டேன், சிரிக்காதே.

சிரிக்கவேண்டியது இனிமேல்தான் வருகிறது. ஆயுதபூசைக்கு எல்லா உளியையும் கழுவி, மோட்டாரைத் துடைத்து, இந்தப் புதுச் சட்டத்தையும் நடுவில் வைத்துப் படைத்தோம். செருப்பு என்கிற உறுத்தல் என் மனசை விட்டுப் போகவில்லை. அந்தத் தோஷம் போகட்டும் என்று மூன்று சக்கரத்துக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வட்டமாக வைத்தேன். இடது கையால் வைத்தால் குற்றம் என்று வலது கையாலேயே வைத்தேன், எவ்வளவு வைக்கிறேன் என்று விரலுக்கு எங்கே தெரிந்தது, அள்ளிக்கொண்டுதான் வந்திருக்கிறது. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று சொல்தாவின் முதல் கம்பை அப்பா மாட்டினார். அவர் துடைத்தார், ஆனால் ரப்பர் அதற்குள் குடித்துவிட்டிருந்தது. மோட்டாரைப் போட்டதும் கம்பு துள்ளவே இல்லை அமிர்தம், ஐந்தடிக் கம்பு அசையாமல் நின்ற இடத்தில் நூல்போலச் சுற்றியது. சட்டத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உளி ஒரே ஓட்டமாக ஓடியது. அப்பா முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. மோட்டாரை நிறுத்தினார். பால்போல வெள்ளைக் கம்பு, சரியாக நடுவில் சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று குங்கும வளையம். சூட்டில் நாருக்குள்ளேயே ஏறிவிட்டது, உப்புத்தாள் போட்டும் போகவில்லை, சுரண்டினால் நடு இளைத்துவிடும். அப்பா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீ இல்லாம அது ஓட மாட்டேங்குது பாரு, என்றார். மற்ற ஏழு கம்பையும், சக்கரங்களைக் கழற்றிச் சுரண்டித் தேய்த்துக் கழுவி, நன்றாகவே முடித்துவிட்டார். சொல்தா எட்டையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார், இது இன்னாபா, கட்டிலுக்குப் பொட்டு வெச்சு அனுப்பிக்கிற, என்று அந்த ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். மழையில் அந்த நீளத்துக்கு இன்னொரு வெட்பாலை தேடிப் பிடித்துக் கடைந்து, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது. உன் வளைகாப்பு நாள் அதற்கு நடுவில்தான் வந்தது. அது ஒரு காரணம்தான், முழுக் காரணம் இல்லை என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். வியாதி இல்லை என்று தெரிந்த பிறகும், இத்தனை நாள் மறைத்ததை எந்த முகத்தோடு வந்து சொல்வது என்று தள்ளிப்போட்டேன்.

இப்போது அந்தச் சட்டம் நான் நின்ற இடத்தில் நிற்கிறது. நான் அதற்கு வைத்த பேர் சக்களத்தி. அப்பா உளியைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி நிமிர்ந்து எதிர்ப்பக்கம் பார்க்கிறார், பழக்கம் விடவில்லை, அங்கே சக்கரம்தான் இருக்கிறது, மறுபடி குனிந்துகொள்கிறார். எனக்கு நிம்மதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் முதல் ஒரு வாரம் மோட்டார் சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். வேலை போனது வருத்தமா, வலி போனது நிம்மதியா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, மொத்தத்தில் அலுப்பாக இருக்கிறது. தினமும் விளக்கு வைத்ததும் அப்பா அந்த டாக்டர் செய்த மாதிரியே என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பட்டறை மரச்சீவலில் ஒரு சுருளை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தொட்டு, இது தெரியுதா என்று கேட்கிறார். அவருடைய ஆசையைப் பார்த்துவிட்டு நான் சில நாள் தெரியுது தெரியுது என்று சொல்லிவிடுவேன். போன மாசம் ஒரு நாள் அப்படித் தெரியுது என்றேன். கண்ணைத் தொறடி, நான் தொடவே இல்ல, என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதிலிருந்து பொய் சொல்வதை விட்டுவிட்டேன். இப்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் நன்றாகத் தெரிகிறது, கட்டைவிரல் பாதி, மற்ற இரண்டும் இன்னும் மரக்கட்டைதான்.

ஞாயிறு. நேற்று முழுக்க எழுத முடியவில்லை. உன் கடிதத்தைச் செங்கமலம் படித்துவிட்டுப் போனபிறகு அப்பா அதை வாங்கி எழுத்துக் கூட்டி மறுபடியும் படித்தார். லேத்துதான் பெத்த புள்ள என்கிற வரியில் நின்றுவிட்டார். கொழந்தைய யாரு குளிப்பாட்டுவா என்று கேட்டார். அதுதான் எனக்கும் பயம் என்றேன். எண்ணெய் தடவின பச்சைப் பிள்ளையைக் காலில் போட்டால் கழுத்தைத் தாங்குகிற கைக்கு உணர்ச்சி வேண்டும், நழுவுவது தெரியவேண்டும், எனக்கு அது தெரியாது, பிறத்தியாரை நம்பிப் பிள்ளையைக் கொடுக்கவும் மனசு வராது, என்றேன். கடிதத்தை மடித்துவைத்தார். பிறகு, நீ தண்ணி ஊத்து, நான் புடிக்கிறேன், என்றார். ஆம்பிளை எங்கேயாவது பிள்ளை குளிப்பாட்டுவதைப் பார்த்திருக்கிறோமா என்றேன். இருபத்திரெண்டு வருசம் எனக்கு நீ புடிச்ச, யாராவது பார்த்துச் சிரிச்சாங்களா, என்றார். நேற்று நம் கூரையிலிருந்து கழுத்துள்ள சுரைக்காய் ஒன்றைப் பறித்து எண்ணெய் தடவி, நான் காலை நீட்டி உட்கார்ந்து மேலே போட்டுக்கொண்டேன். அவர் மண்டி போட்டு அதன் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தார். முதலில் பயத்தில் இறுக்கிப் பிடித்தார், இறுக்கினால் புகையும் என்றேன். தளர்த்தினார், விட்டால் துள்ளும் என்றேன். சிரித்துவிட்டார். அப்புறம் சரியாக வந்தது, சக்கரம் கம்பைத் தொடுகிற மாதிரி தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தார். நான் இடது கையால் சூடு பார்த்து ஊற்றினேன். செங்கமலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள், நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும், தெரியட்டும்.

ஆகவே இரண்டு பேருமாக வருகிறோம். லேத்தை ஒரு நாள்கூட மூடாத மனுஷர் மார்கழி பதினைந்திலிருந்து மாசி முடியும்வரை பட்டறையைச் சாத்துவதாக வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாட்டையும் கன்றையும் செங்கமலம் பார்த்துக்கொள்வாள். சொல்தா திருப்பிக் கொடுத்த அந்தக் கம்பை நடுவில் இரண்டடி மட்டும் அறுத்து, சேலைத் தொட்டில் விரிந்து நிற்கக் குறுக்கே வைக்கிற கம்பாகக் கடைந்துவிட்டார், குங்கும வளையம் சரியாக நடுவில் இருக்கிறது. கோணியில் சுற்றிவைத்திருக்கிறார், ரயிலில் நான் எது மறந்தாலும் அதை அவர் மறக்கமாட்டார். உங்கள் குவார்ட்டர்ஸில் கூரையில் கொக்கி இருக்கிறதா, தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று மாப்பிள்ளையை அளந்து எழுதச் சொல், மறக்காதே, அப்பா தினமும் கேட்கிறார். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடு. முதலில் மறைத்துவைக்கச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், மறைத்து மறைத்துத்தான் நான் இந்த அளவுக்குக் களைத்துப்போனேன், இனி முடியாது. அவர் மனசில் சந்தேகம் இருந்தால் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு பத்திரமாக இருக்கிறது, கொண்டுவருகிறேன், படித்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் வேண்டாம் என்றால் வருத்தப்படாமல் திரும்பிவிடுவேன் என்று எழுத நினைத்தேன், அதுவும் பொய்தான், வருத்தப்படுவேன்.

குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், காதைச் சுற்றித் துணி கட்டிக்கொள், தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே, கீரையை ஒதுக்காமல் சாப்பிடு, காலில் வீக்கம் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போ. பொன்னியம்மன் துணையால் தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரிந்து, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும். ஸ்டேஷனுக்கு நீ வரவேண்டாம், வீட்டு வாசலில் நின்றால் போதும். வந்ததும் நீ முதலில் என் கையைத்தான் பிடித்துப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். ஒவ்வொரு விரலாகத் தொடு, எது தெரிகிறது எது தெரியவில்லை என்று உள்ளபடி சொல்கிறேன். உன்னிடம் இனிமேல் பொய் சொல்லமாட்டேன்.

மூன்று நாளாகத் தன் கையாலேயே எழுதிய
உன் அம்மா
பவுனம்மாள்